அப்பாவும் அம்மாவும் விளக்கேற்றிய மலைகள்

அப்பா கண்மூடி வருகிற ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. திதியன்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் நினைவு மலரைக் கையில் கொடுப்பதுதான் வழக்கம். நான் அந்த வழக்கத்தை மீறி, ஒரு வாரம் முன்னதாகவே உங்கள் எல்லோருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தபாலாபீஸ் குமாஸ்தா எதையும் தபாலில்தான் அனுப்புவான் என்று சிரித்துக்கொள்ளுங்கள். காரணம் அதுவல்ல. அன்றைக்கு எங்கள் வீட்டுப் படியேறுமுன் உங்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். அது அப்பாவின் வாழ்க்கையோடு பின்னிக் கிடப்பதால் முதலிலிருந்தே சொல்லியாக வேண்டியிருக்கிறது. அம்மாவிடமும் அண்ணன் மனைவியான மைனியிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது தெரிசனங்கோப்பில். ஊரெல்லாம் வாந்தியும் பேதியுமாக ஆட்களை அள்ளிக்கொண்டு போன ஒரு வருடத்தில், ஏழு வயதில், தகப்பனாரைப் பறிகொடுத்தார். அப்போது சித்தப்பா கைக்குழந்தை. மூத்தவர் அத்தை. அத்தைக்குப் பதினாறு வயதில் கல்யாணம் நடந்து, அந்த வருடமே கணவர் இறந்து, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தார். அதன்பிறகு நாற்பது வருடம் அடுக்களைக்குப் பின்னாலிருந்த நெல் அவிக்கும் அறையில்தான் இருந்தார் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அத்தை தானாகவே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். அப்பா மட்டும் எங்கே கிளம்பினாலும் அந்த அறைக்குப் போய், "அக்கா, போயிட்டு வாறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். இது ஏதோ பிடிவாதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஏர் பிடித்து, நாற்றுப் பறித்து, தம்பியைப் படிக்க வைத்து, தாழக்குடியிலிருந்து அம்மாவைக் கல்யாணம் செய்து கொண்டுவந்தார். கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக வருடத்துக்கு இரண்டு அறுப்பு. அதைத் தாண்டி அவருக்கு உலகம் கிடையாது. ஐம்பத்தைந்து வயதுவரை அவர் பார்த்த மலை எங்கள் வயலிலிருந்து தெரிகிற தாடகைமலை ஒன்றுதான். அப்படிப்பட்டவர் இலங்கை, தார்ஜிலிங், நேபாளம் என்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு மலைமலையாக அலைந்ததும், சைவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு பௌத்தக் கோயில்களைத் தேடித்தேடிப் போனதும் ஊருக்கு எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "பெரியவருக்கு மொட்டை போட்டுக் காவி உடுக்க ஆசை வந்தாச்சு" என்று கேலி பேசியவர்களும் இந்த மலரை வாசிக்கிறார்கள். பேர் சொல்லமாட்டேன்.

எல்லாம் அண்ணனிடமிருந்து தொடங்கியது. அண்ணன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். யுத்தம் பர்மாவுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊருக்கு வந்து, இரணியலில் பெண்ணெடுத்து, மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனார். வீடு பார்த்து வைத்துவிட்டு மைனியைக் கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. மைனிக்கு அப்போது வயது பதினேழு. குண்டு விழுந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. எல்லோரும் நடந்தே இந்தியாவுக்கு வருகிறார்கள், நானும் கிளம்புகிறேன் என்று எழுதியிருந்தார். அதோடு சரி.

யுத்தம் முடிந்தது, நாட்டுக்குச் சுதந்திரமும் வந்தது, அண்ணன் மட்டும் வரவில்லை. அம்மா தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் பானையில் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்துத் தண்ணீர் ஊற்றி மூடுவார். வந்தால் பசிக்குமே என்பார். நான் தபால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, என் கைக்கு வந்த ஒவ்வொரு பையிலும் அண்ணனுடைய கையெழுத்தைத் தேடினேன். 'ர'வுக்கு அடியில் ஒரு சுழி போடுவார். அந்தச் சுழியை இன்றைக்கும் கண் தேடுகிறது.

நாற்பத்தெட்டாம் வருடம், கும்பப்பூ அறுப்பு முடிந்த பங்குனியில், அப்பாவுக்கு ஒரு தகவல் கிடைத்தது. அண்ணனோடு ரங்கூனிலிருந்து நடந்து வந்த தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர் இலங்கையில், அட்டன் என்ற மலைநகரத்தில், கடை வைத்திருக்கிறாராம். அப்பா போகிறேன் என்றார். அம்மா தானும் வருவதாகச் சொன்னார். கல்யாணமாகி முப்பத்துச் சொச்சம் வருடத்தில் இருவரும் சேர்ந்து போன தூரம் சுசீந்திரம் தேரோட்டத்தைத் தாண்டியதில்லை. திருநெல்வேலிவரை பஸ், அங்கிருந்து ரயில், தனுஷ்கோடியில் கப்பல், அக்கரையில் மறுபடியும் ரயில். அந்நாளில் இப்போதுபோல் கெடுபிடி இல்லை. புளிச்சோறும் ஒரு பெரிய குப்பி தேங்காயெண்ணெயும் மைனிதான் கட்டிக்கொடுத்தார். அம்மாவுக்கு வேற்றூர் எண்ணெய் தலைக்கு ஒத்துக்கொள்ளாது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அந்தக் கடைக்காரரும் அண்ணனும் பாதி வழியில் பிரிந்துவிட்டார்களாம், அண்ணன் மலைப்பக்கமாகப் போன கூட்டத்தோடு போனாராம், அந்தக் கூட்டத்தில் சிலர் பௌத்த மடங்களில் தங்கிவிட்டதாகக் கேள்வியாம். அப்பா இதை முற்றத்தில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார். "இனி மலையும் மடமுமாத்தான் தேடணும்" என்றார். ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

அடுத்த வருடம் மறுபடியும் இலங்கை. கண்டியும், மலையைக் குடைந்து கட்டிய ஒரு கோயிலும். ஐம்பத்தொன்றில் தார்ஜிலிங். ஒவ்வொரு முறையும் ஒரு குப்பி தேங்காயெண்ணெய் கூடவே போகும். நான் கொஞ்சம் துருவிக் கேட்கிற ஆள். "பர்மாவில காணாமப் போன ஆளை மத்த எல்லா எடத்திலயும் தேடுகிய, பர்மாவுக்கு மட்டும் போவல்லியேப்பா?" என்று கேட்டிருக்கிறேன். "அங்ஙன கலகமல்லவா நடக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா வெற்றிலையை எடுத்துக்கொள்வார். கலகம் நடந்ததும் உண்மைதான்.

தார்ஜிலிங் கதையை அம்மா சொல்லிக் கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர். கங்கையைப் படகில் கடந்து, பொம்மை போன்ற ரயிலில் மலையேறி, ஊருக்குச் சற்று முன்னாலிருந்த ஒரு மடத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே லாமாக்கள் பித்தளைக் கிண்ணங்களில் வெண்ணெய் ஊற்றி வரிசையாக விளக்கேற்றுவார்களாம். வெண்ணெய் உண்பதற்கல்லவா, விளக்குக்கு நாங்கள் எண்ணெய் கொண்டுவந்திருக்கிறோம் என்று அம்மா குப்பியை எடுத்திருக்கிறார். கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. நம்மூர் மார்கழியில் எண்ணெய் கொஞ்சம் உறையும், வெயிலில் வைத்தால் இளகிவிடும். அந்தக் குளிரில் அது கல்லாகிக் குப்பிக்குள் அடைத்துக்கொண்டது. அம்மா குலுக்கிப் பார்த்தார், ஈர்க்குச்சி இல்லாததால் கொண்டை ஊசியை விட்டுக் குத்திப் பார்த்தார். வயதான ஒரு லாமா எழுந்துவந்து, குப்பியை வாங்கி, தன் கம்பளி அங்கிக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கோழி அடைகாக்கிறமாதிரி உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அம்மாவும் அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம். பிறகு எண்ணெய் இளகி, விளக்கு எரிந்தது. அந்த மண்டபம் முழுக்க நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது என்று சொல்லும்போது அம்மாவுக்குக் குரல் தடுமாறும். அண்ணன் கிடைக்காத வருத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் அப்பா மைனியை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார். "அவன் வாறது வரைக்கும் பிள்ளை சும்மா இருக்காண்டாம்" என்றார். மைனி படித்துத் தேறி, மூன்று கல் தள்ளியிருந்த ஆரம்பப் பள்ளியில் டீச்சரானார். வயல் வரப்பில் குடையோடு நடந்துபோகிற மைனியைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கணவன் வரவை எதிர்பார்த்திருக்கிற சுமங்கலி அல்லவா.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஐம்பத்துநாலு தை மாதத்தில், அண்ணன் கடிதம் நின்று பன்னிரண்டு வருடம் ஆகப்போகிற நேரம், சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் நான்தான். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்துப் பதினாறு கழித்துவிடலாம் என்பது நம் வழக்கம். எனக்கு இருபத்தொன்பது வயது. மூத்தவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் கொடுப்பது என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மைனியைப் பற்றி நான் அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உருவத்தை எரிக்கிற அன்றைக்கே அவர் கழுத்துத் தாலியும் நெற்றிப் பொட்டும் போய்விடும், அவருக்குப் பிறந்த வீட்டார் வெள்ளைக் கோடிச் சேலை எடுத்துப் போடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் யோசிக்கவில்லை.

சித்தப்பா பக்குவமாகத்தான் பேசினார். "அண்ணாச்சி, பன்னெண்டு வருசம் ஆவப்போவு. அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாம இருந்தா அந்த ஆத்துமா எங்ஙன போவும்? தண்ணி இல்லாம அலையாதா?"

அப்பாவின் முகம் அப்போது போன போக்கை நான் பார்த்தேன். கோபம் என்று நினைத்தேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டு அவர், "நேபாளத்தில ஒரு மலை உண்டாம். பர்மாவிலேருந்து போன நம்ம ஆளுக அங்ஙன இருக்காவண்ணு ஒருத்தன் சொன்னான். அதையும் பாத்துட்டு வாறேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆருப்பா அந்த ஒருத்தன்? எப்பம் பாத்தாலும் ஒருத்தன் சொன்னான், ஒருத்தன் கண்டான். அவனுக்கு ஒரு பேரு கெடையாதா?"

"நீ தபாலைப் பாரு மக்கா. மலையை நான் பாத்துக்கிடுகேன்" என்றார் அப்பா.

அறுப்பு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு, சிவராத்திரிக்குப் போகிற யாத்ரீகர் கூட்டத்தோடு இருவரும் நேபாளம் போனார்கள். ரயில் நின்றுபோகிற இடத்திலிருந்து லாரி, லாரியும் ஏறாத இடத்திலிருந்து இரண்டு மலையைத் தாண்டி நடை. நடக்க முடியாதவர்களை மூங்கில் கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமந்துபோக ஆட்கள் உண்டு. அம்மாவுக்கு ஒரு கூடை பேசினார் அப்பா. "நான் என்ன, நெல்லுக் கடவமா? சொமந்துட்டுப் போறதுக்கு" என்று அம்மா மறுத்துவிட்டு விறுவிறுவென்று ஏறத் தொடங்கினார். பாதி ஏற்றத்தில் அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசியில் கூடையில் ஏறியது அவர். அந்தக் கூடையில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். அப்பா கூடையில், அம்மா பின்னால் நடை. அந்த மலை உச்சிவரைக்கும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"ஒனக்க அம்மையை இத்தனை வருசத்தில அவ்வளவு நேரம் நான் நேராப் பாத்ததில்ல கேட்டியா" என்று அப்பா என்னிடம் சொன்னார். மலைச்சரிவெல்லாம் சிவப்புப் பூ பூத்த பெரிய மரங்களாம். அதைப் பார்க்கத் திரும்ப முடியவில்லை என்ற குறையே அவருக்கு இல்லை. "கெழவனுக்குப் புத்தி மாறிப்போச்சு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அங்கே ஒரு குன்றின்மேல் பௌத்தக் கோயில். கோபுரத்தில் நாலு பக்கமும் பெரிய கண்களை வரைந்திருக்கிறார்களாம். "நாலு பக்கமும் பாத்துக்கிட்டு இருக்கு மக்கா. ஆனா நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல்ல" என்றார் அம்மா. எனக்கு அதன் பொருள் அன்றைக்குப் புரியவில்லை.

அந்தப் பயணம் முடிந்த பிறகு அப்பாவுக்கு மூச்சுத் தொல்லை நிலைத்துவிட்டது. மறு வருடம் புரட்டாசி மழையில் படுத்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஒருநாள் மத்தியானம், மைனி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அம்மா கால்மாட்டில் இருந்தார்.

"மக்கா, ஒனக்க அண்ணன் போயிட்டான். போயி வருசம் பதிமூணாவு. எனக்கும் ஒனக்க அம்மைக்கும் நாப்பத்தெட்டிலேயே தெரியும்."

அட்டன் கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். எல்லையைத் தாண்டுவதற்கு முன், ஒரு மலையடிவார ஊரில் அண்ணனுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. கூட்டம் நிற்காமல் போய்விட்டது. அங்கிருந்த பௌத்த மடத்தில் ஒரு பிக்கு அண்ணனையும் கூட நின்ற கடைக்காரரையும் உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்தார். மூன்றாம் நாள் அண்ணன் அந்த பிக்கு மடியில் தலைவைத்து, அவர் கையால் தண்ணீர் குடித்து இறந்தார். பிக்குவே எரித்தார். இதை எழுத மனம் வராமல் ஆறு வருடம் அந்த நண்பர் தேங்காய்ப்பட்டணத்துக்கே வராமல் இருந்திருக்கிறார்.

அப்பாவும் அம்மாவும் அன்றைக்கே அட்டனிலிருந்த ஒரு பௌத்த விகாரையில் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை ஊற்றி விளக்கேற்றினார்கள். மறுநாள் சிவனொளிபாதமலை ஏறினார்கள். சைவர்களுக்கு அது சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம். முதல்முறை ஏறியவர்கள் உச்சியிலுள்ள மணியை ஒருமுறை அடிக்க வேண்டும், இரண்டாம் முறை ஏறியவர்கள் இருமுறை என்று அங்கே ஒரு வழக்கம். அம்மா இரண்டு முறை அடித்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் தப்பு என்று கைகாட்டினார்கள். "ஒண்ணு அவனுக்கு" என்று அம்மா தமிழிலேயே சொல்லிவிட்டு நகர்ந்தாராம்.

திரும்பி வருகிற கப்பலில் அம்மாதான் கேட்டிருக்கிறார். "வீட்டில போயி இதைச் சொன்னா, அந்தப் பிள்ளையை என்ன செய்வாவ?" தனுஷ்கோடியில் இறங்கியதும் அப்பா, "நெல்லு அவிக்கிய முறியில இன்னொருத்தி இருக்காண்டாம்" என்றார். அவ்வளவுதான் இருவருக்குள்ளும் நடந்த பேச்சு.

மறைத்தாயிற்று. ஆனால் பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் எப்படி இருப்பது? ராமேஸ்வரத்திலோ காசியிலோ செய்தால் புரோகிதர் பேரும் ஊரும் கேட்பார், நம்மூர்க்காரர் யாராவது பார்ப்பார்கள், செய்தி அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். நேபாளத்தில் பசுபதிநாதர் சன்னதியில்கூட, அங்கே பூசை செய்கிறவர்கள் தென்னாட்டிலிருந்து போனவர்கள் என்று தெரிந்ததும் அப்பா வாயே திறக்கவில்லையாம். பௌத்தக் கோயில்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. விளக்கேற்றுகிறாயா, ஏற்று. அண்ணனுக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவரும் அந்த வழியைச் சேர்ந்தவர். அதனால் மலைமலையாகப் போய் ஏற்றினார்கள். தேடிப்போவதாக ஊருக்குச் சொன்னது, மைனியின் பொட்டு நெற்றியில் இருக்கவேண்டும் என்பதற்காக. விளக்கு அண்ணனுக்காக.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். "அப்பம் நான் தெனமும் தபால் பையில தேடிக்கிட்டு இருந்தேனே, அது என்னப்பா?" என்று கேட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தேடுகவன் ஒருத்தன் வீட்டில வேணும் மக்கா. ஒனக்க முகத்தைப் பாத்துத்தான் ஊரு நம்பிச்சு. ஒனக்குக் கல்யாணம் தள்ளிப் போனதும் எனக்குத் தெரியும். அதுக்கு நான் ஒனக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அவர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். இப்போது எத்தனை தடவை சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. பிறகு அவர், "நான் போன பொறவு நீ அண்ணனுக்கும் சேத்துச் செய்யி. அவனை ஒரு வாய் வெள்ளமில்லாம வச்சிட்டேன்னு எனக்கு உள்ளுக்குள்ள உண்டு. ஆனா அவளை மூலையில இருத்திரப்பிடாது" என்றார். நான்காம் நாள் காலையில் அம்மா அவர் நெற்றியில் நீறு பூசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது.

பதினாறு முடிந்ததும், பெரிய பொறுப்பொன்று என் தலையில் வந்துவிட்ட மிதப்போடு மைனியிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சுற்றி வளைத்தேன். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மைனி கூட்டுமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல. அத்தை, உங்க அம்மை, இலங்கைக்குப் போறது வரைக்கும் தெனமும் பானையில ஒரு பிடி சோறு மிச்சம் வைப்பாவ. போயிட்டு வந்த அண்ணைக்கு வழிச்சு எல்லாருக்கும் போட்டாவ. மறுநாளும் போட்டாவ. பானை களுவுகவளுக்குத் தெரியாதா?"

"பொறவும் மிச்சம் இருந்ததே. நானே பாத்திருக்கேனே."

"அது நான் வச்சது. பானை காலியா இருக்கிறதை வேற ஆராவது கண்டா, மாமா சொன்னது பொய்யிண்ணு ஆயிராதா?"

ஏழு வருடம். ஒவ்வொரு நாளும் ஒரு பிடி சோறு. விடிந்ததும் அதைத் தானே பழையதாகச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். "உங்களுக்கு அழ ஒரு எடம் வேண்டாமா மைனி?" என்று கேட்டேன்.

"மூணு கல்லு தூரம் வயக்காடு. கையில குடை. பொறவு என்ன?" என்றார். பிறகு, "மாமாவும் அத்தையும் எனக்காகப் பொய் சொல்லிட்டு நடந்தாவ. தெரியும்ணு சொல்லி அந்த நடையை நான் ஏன் நிறுத்தணும்? திரும்பி வரும்போது ரெண்டுபேருக்க முகமும் எப்படி இருக்கும்ணு நீங்க பாத்ததில்லியா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கிறேன். அதைத்தான் புரிந்துகொள்ளவில்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணனின் செய்தியை நெஞ்சில் சுமந்து, அப்பா கேட்டதும் ஒளிக்காமல் சொன்ன தேங்காய்ப்பட்டணத்து நண்பருக்கு எங்கள் நன்றி. பேர் தெரியாத அந்த பிக்குவுக்கும், குப்பியை வயிற்றோடு அணைத்துக்கொண்ட லாமாவுக்கும், அப்பாவை மலைமேல் சுமந்த கூடைக்காரருக்கும் இந்த மலர் போய்ச்சேராது. அவர்களுக்கும் நன்றி. கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், வாய்க்கால் தண்ணீர் திருப்பக்கூட எங்களைக் கூப்பிடாமல் தாங்களே பார்த்துக்கொண்ட பக்கத்து வயல்காரர்களுக்கும் நன்றி. சித்தப்பா இதை வாசித்துக் கோபப்படக்கூடாது. அன்றைக்கு அவர் பேசியதெல்லாம் அண்ணன் மேலுள்ள பாசத்தால்தான் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

திதியன்று அப்பாவுக்குப் பிண்டம் வைக்கும்போது அண்ணனுக்கும் நான் வைக்கப்போகிறேன். அண்ணன் தண்ணீருக்குக் காத்திருந்தது போதும். தாலியை மைனியே கழற்றி, அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அதை யாரும் அவருக்குச் செய்ய வேண்டியதில்லை. பொட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது எனக்க அம்மை நான் பெறந்த அண்ணைக்கு வச்சது, கல்யாணத்தோட வந்தது இல்ல" என்றார். ஆகவே அது இருக்கும். அன்றைக்கு வாசலில் நின்று உங்களை வாருங்கள் என்று கூப்பிடப்போவதும், பந்தியில் முதல் இலைக்குச் சோறு பரிமாறப்போவதும் மைனிதான். திங்கட்கிழமை அவர் எப்போதும்போலப் பள்ளிக்கூடம் போவார். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டால் போதும். பையைப் பிரிப்பவன் நான்தான்.

இரணியலிலிருந்து வருகிற மைனி வீட்டாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. வழக்கத்தை நினைத்து வெள்ளைக் கோடி எடுத்துவர வேண்டாம். வெறுங்கையோடு வர மனம் கேட்காது என்றால் ஒரு நல்ல சேலையாக எடுத்து வாருங்கள். மைனிக்குப் பச்சை நிறம் பிடிக்கும்.